ரேஷன் புழுங்கலரிசி: சாப்பிட்டவள் சொல்கிறேன்

இந்த மாதம் நல்ல அரிசி போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு அக்கா காலையிலேயே மாடியிலிருந்து குரல் கொடுத்துவிட்டார். "நல்ல அரிசி போட்டுக்கீறாங்க, மத்தியானத்துக்குள்ள போய் வாங்கிடு. சாயங்காலம் வேற மூட்டை பிரிச்சுட்டான்னா போச்சு." வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் ரேஷன் அரிசிக்குக் கிடைக்கும் மதிப்புரை இவ்வளவுதான். நல்ல அரிசி, சுமார் அரிசி, 'இந்த மாசம் மாவுக்குத்தான்' அரிசி என்று மூன்றே தரம்.

நான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன். 2008-இல் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து இந்த அரிசியைத்தான் பொங்குகிறேன். அதற்கு முன்னால் காசிமேட்டில் அம்மா வீட்டிலும் இதேதான். ஒரு மிக்ஸியை நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடக் கொஞ்சம் தகுதி உண்டு.

முதலில் பார்வைக்கு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். குட்டையாக, குண்டாக இருக்கும். மோட்டா ரகம். வெள்ளை என்று சொல்ல முடியாது, நாலு வருடம் துவைத்த வேட்டியின் நிறம். ஒரு கை அள்ளி ஊதினால் தவிட்டுத் தூசி பறக்கும். குருணை கொஞ்சம் இருக்கும். மூக்கில் கறுப்புப் பொட்டு வைத்தது மாதிரி சில அரிசி இருக்கும், அவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். கல் முன்பு போல இல்லை. சின்ன வயதில் சோற்றில் கல் கடிபடாத நாளே கிடையாது. இப்போது என் பிள்ளைகளுக்கு முறம் என்றால் என்னவென்றே தெரியாது.

வாடை உண்டு. அதை மறைத்து என்ன பயன்? நெல்லை ஊறப்போட்டு அவித்த வாடையும் சணல் சாக்கின் வாடையும் சேர்ந்த ஒன்று அது. நன்றாகக் கழுவினால் முக்கால்வாசி போய்விடும். மிச்சம் கால்வாசி சூடாகச் சாப்பிடும்போது தெரியாது, ஆறினால் லேசாகத் தெரியும். வண்டு வந்தால் பயப்படாதீர்கள். ஒரு மணி நேரம் வெயிலில் பேப்பர் விரித்துக் கொட்டி வைத்தால் தானாக நடந்து போய்விடும். அப்புறம் டிரம்மில் நாலு காய்ந்த மிளகாயும் ஒரு கொத்து வேப்பிலையும் போட்டு மூடினால் போதும்.

இனி சமையல். இந்த அரிசியைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதைக் குக்கரில் வைத்தவர்கள். பொன்னிக்கு வைப்பது மாதிரி தண்ணீர் வைத்து, மூன்று விசில் விட்டு, திறந்து பார்த்து, "கூழாயிடுச்சு" என்பார்கள். ஆகாமல் என்ன செய்யும்? இது வடிக்கிற அரிசி. ஐந்து தண்ணீர் கழுவ வேண்டும். கடைசித் தண்ணீரில் கையை விட்டால் உள்ளங்கை ரேகை தெரிய வேண்டும், அது கணக்கு. அப்புறம் முக்கால் மணி நேரம் ஊற வேண்டும். ஊறாத அரிசி வேக இரண்டு மடங்கு கேஸ் செலவாகும். அரிசி இலவசம், சிலிண்டர் இலவசமில்லை. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு அரிசியைப் போட்டு, கல்லுப்பு கொஞ்சம், இருந்தால் அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும். எலுமிச்சை விட்டால் நிறம் கொஞ்சம் தெளியும், ஒன்றோடொன்று ஒட்டாது. ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் ஊசி முனை அளவு வெள்ளையாக நிற்கும்போதே வடிதட்டைப் போட்டுக் கவிழ்த்துவிட வேண்டும். மிச்சத்தைச் சூடே வேக வைத்துக்கொள்ளும். இதைச் சொல்லிக் கொடுத்தது அம்மா. ஒரு நிமிடம் பிந்தினால் அன்றைக்கு எல்லாருக்கும் பொங்கல்தான்.

வடித்த கஞ்சியை ஊற்றிவிடாதீர்கள். உப்பும் ரெண்டு சின்ன வெங்காயமும் போட்டால் என் பெரியவன் ஒரு சொம்பு குடிப்பான்.

ருசி? மணம் கிடையாது. தயிர்சாதத்துக்கு லாயக்கில்லை, சாம்பாருக்குச் சுமார். ஆனால் மீன் குழம்புக்கு இதைப் போல ஒன்று இல்லை. மெல்லிய அரிசி குழம்பைக் குடித்துவிட்டுத் துவண்டு போகும். இது குழம்பைப் பிடித்துக்கொண்டு தனித்தனியாக நிற்கும். காரப்பொடிக் குழம்பு, மாங்காய் போட்டு, முந்தின நாள் வைத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலையில் பழைய சோறு. அங்கேதான் ரேஷன் அரிசி மற்ற எல்லா அரிசியையும் தோற்கடிக்கும். கடை அரிசியில் பழைய சோறு போட்டால் கரைந்து கஞ்சியாகிவிடுகிறது. இது காலையில் எடுத்தால் முழுசு முழுசாக, வழுவழுவென்று, லேசான புளிப்போடு இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் பாதி வீடுகள் இந்தப் பழைய சோற்றையும் நெத்திலிக் கருவாட்டையும் வைத்துத்தான் ஓட்டுகின்றன.

இட்லிக்கும் அப்படித்தான். நாலு ஆழாக்கு ரேஷன் புழுங்கல், ஒரு ஆழாக்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஆறு மணி நேரம் ஊற வேண்டும், கிரைண்டரில் ரவை பதத்துக்கு ஆட்ட வேண்டும். பஞ்சு மாதிரி வரும். 'இட்லி அரிசி' என்று தனியாக விலை கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியைக் கழுவும்போது மற்றதைவிட வெளுப்பாகச் சில மணிகள் மேலே மிதக்கும். அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜன்னலில் வைத்துவிடுவார். "பிளாஸ்டிக் அரிசிடி. வாட்ஸப்ல வந்துச்சு." அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி-12 சேர்த்துப் பிசைந்து மெஷினில் அரிசி மாதிரியே அச்செடுத்தது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. செறிவூட்டப்பட்ட அரிசி என்று பெயர், 2023 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க ரேஷனில் இதைப் போட ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டில் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதற்காகப் போட்ட மணியைத்தான் ரத்தசோகைக்கு மாத்திரை தின்னும் அம்மா பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். நான் ஜன்னலில் இருந்ததில் ரெண்டை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினேன். சாகவில்லை. அதற்கப்புறம் பொறுக்குவதை நிறுத்திவிட்டார், என் எதிரில்.

சரி, விலை. இதற்கு ஒரு சின்னச் சரித்திரம் உண்டு. 1967-இல் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் சென்னையில் படி அரிசி போட்டபோது அம்மாவுக்கு ஏழு வயது. பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்பார். அந்த ஒரு படியைப் பாட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்தாராம், பையில் போடவில்லையாம். 2006-இல் கிலோ இரண்டு ரூபாய் ஆனது. 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய். என் கல்யாணத்துக்கு அரசாங்கம் செய்த சீர் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். 2011 ஜூனிலிருந்து இலவசம். சர்க்கரை கிலோ 25, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். எங்கள் கார்டுக்கு 20 கிலோ அரிசி. நாங்கள் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அப்பா போன பிறகு எங்களோடு வந்துவிட்ட அம்மா. வீட்டுக்காரர் ஹார்பரில் காண்ட்ராக்ட் ஆள்; கப்பல் வந்தால் வேலை. நான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். மளிகைக் கடையில் சுமாரான அரிசி கிலோ 56 ரூபாய். இருபதால் பெருக்கினால் 1120. என் சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

அந்தப் பில் போடும் இடத்தில்தான் போன ஆடியில் ஒரு பேச்சைக் கேட்டேன். நல்ல கூட்டம். ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கைநிறைய மோதிரம், பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் ஓசில குடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கி வெச்சுட்டாங்க சார். வேலைக்கு ஆளே கெடைக்க மாட்டேங்குது. ரேஷன்ல அரிசி, பேங்க்ல ஆயிரம் ரூவா. அப்புறம் எவன் வருவான்?" சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ம்மா, ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீன்னு போட்டிருந்துச்சே, அதைக் கழிச்சியா?" என்றார். கழித்தேன். மூன்றாவது சட்டையை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன்.

அவரைச் சொல்லி என்ன? 2018 நவம்பரில் ரேஷன் அரிசிக் கடத்தல் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே இலவச அரிசி மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது என்று கருத்துச் சொன்னது, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்றும் கேட்டது. அன்றைக்கு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேருக்கு 20 கிலோ என்றால் ஆளுக்கு மாதம் நாலு கிலோ. ஒரு நாளைக்கு 133 கிராம். இரண்டு கைப்பிடிக்கு மேல் வராது. அதைத் தின்றுவிட்டுச் சோம்பேறியாக இருக்க வேண்டுமென்றால் அதற்கே தனித் திறமை வேண்டும்.

கடையில் மத்தியானம் சாப்பிட மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் உண்டு. ஏழெட்டுப் பெண்கள் உட்காருவோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் டப்பாவைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரேஷன் அரிசியா? எங்க வீட்டுல இதை நாய்க்குத்தான் வடிப்போம்" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. வீட்டில் கேட்டதைச் சொல்கிறாள். மற்றவர்கள் குனிந்து சாப்பிட்டார்கள். அந்த வட்டத்தில் குறைந்தது நாலு டப்பாவில் அதே சோறுதான் என்று எனக்குத் தெரியும். எலுமிச்சைச் சாதமாகவும் புளிச் சாதமாகவும் மாறியிருந்தது, அவ்வளவுதான். மஞ்சள் தூள் போட்டுவிட்டால் எந்த அரிசி என்று யாருக்குத் தெரியும்? "உங்க நாய் குடுத்து வெச்சது. அதுக்கு மாசம் எத்தனை கிலோ வாங்குறீங்க?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான். ஆனால் மறுநாள் நான் இட்லி கொண்டுபோனேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அதுவும் ரேஷன் அரிசிதான், ஆனால் பார்த்தால் தெரியாதே.

அம்மாவிடம் இந்தப் பழக்கம் இன்னும் முற்றியது. ரேஷன் கடைக்குப் போகும்போது என் கடையின் கட்டைப் பையைத்தான் எடுத்துக்கொண்டு போவார். பளபளவென்று, பட்டுப் புடவை கட்டிய பெண் சிரிக்கிற படம் போட்ட பை. "தெருவுல போறப்போ நாலு பேர் பாக்குறாங்க இல்ல." அந்தத் தெருவில் எல்லாருக்கும் கார்டு இருக்கிறது, எல்லாரும் வாங்குகிறார்கள். எங்கள் வரிசையில் மூன்று வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரும் ஸ்கூட்டியில் வந்து நிற்பார். எனக்கு அதில் கோபமே கிடையாது. 1997-இல் மத்திய அரசு ஏழைக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. கேட்கிற எல்லாருக்கும் அரிசி என்றே வைத்துக்கொண்டது. ஸ்கூட்டிக்காரர் நிற்பதால்தான் அந்த வரிசை வெறும் வரிசையாக இருக்கிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று ஆகியிருந்தால் அங்கே போய் நிற்பதே நெற்றியில் குத்திய முத்திரையாகியிருக்கும், அம்மா பட்டினி கிடந்தாலும் போயிருக்க மாட்டார். ஏற்கெனவே புடவைப் பையில் ஒளித்துக்கொண்டுதானே வருகிறார்.

அந்தப் பை ஒரு நாள் எங்கள் காலை வாரிவிட்டது. இருபது கிலோவையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நானும் அம்மாவும் ஆளுக்கொரு காதைப் பிடித்து வந்துகொண்டிருந்தோம். வீட்டுக்கு நாலு வாசல் முன்னால் அம்மா பிடித்திருந்த காது பிய்ந்தது. அரிசி தெருவில். அன்றைக்குக் காலையில்தான் மழை பெய்து நின்றிருந்தது, நல்லவேளையாக விழுந்தது ஒரு வாசல் படியின் சிமெண்ட்டில். அந்த வீட்டம்மா எங்களோடு அதிகம் பேசாதவர், பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருப்பவர். வெளியே வந்து பார்த்தார். அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அவர் உள்ளே போய் ஒரு முறத்தைக் கொண்டு வந்தார். உட்கார்ந்து, அள்ளி, நாலு தட்டுத் தட்டிப் புடைத்தார். என்ன லாவகம்! அரிசி ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். ஒரு கை எடுத்துப் பார்த்து, "எந்த மூட்டைல போட்டான்? எங்களுக்குப் போன வாரம் ஒரே குருணை" என்றார். அம்மா அதற்கப்புறமும் அந்த மாதிரிப் பையைத்தான் கொண்டு போகிறார். ஆனால் அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் நின்று பேசிவிட்டு வருகிறார்.

ரேஷன் கடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் கடை எது என்றும் சொல்லப் போவதில்லை. எடை சில மாதம் சரியாக இருக்கும், சில மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தால் அரைக் கிலோ குறையும். கேட்டால் மூட்டையே 50 கிலோவுக்குக் குறைவாகத்தான் வருகிறது, நான் எங்கே போவேன் என்பார் கடைக்காரர். அவர் சொல்வதிலும் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை. கைரேகை இன்னொரு தொல்லை. அம்மா முப்பது வருடம் காசிமேட்டில் இறால் உரித்தவர். கட்டைவிரலில் ரேகையே இல்லை. மெஷினில் வைத்து வைத்து எடுப்பார், கண்ணாடியை முந்தானையால் துடைப்பார், மறுபடி வைப்பார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கடைசியில் நான் போய் வைக்க வேண்டும். வேலை செய்ததால் தேய்ந்த விரல் அது, சோம்பேறி விரல் என்றால் பளிச்சென்று பதிந்திருக்கும்.

இப்போது இந்தப் பொருளின் உண்மையான குறை. இருபது கிலோ பதினெட்டாம் தேதிக்குத் தீர்ந்துவிடுகிறது. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. இது வெறும் அரிசி. பக்கத்தில் வைக்க ஒன்றும் தராது. ஒரு கிலோ பருப்பு எத்தனை நாளைக்கு? பானை காலியாகாமல் பார்த்துக்கொள்ளும், தட்டைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

போன வருடம் ஒரு கல்லூரிப் பெண் கையில் டேப்லட்டோடு சர்வே எடுக்க வந்தாள். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தோம். எட்டுக் கேள்விகள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலகம் முழுக்கக் கேட்கிற கேள்விகள்தானாம் அவை. கடந்த பன்னிரண்டு மாதத்தில் காசில்லாமல், சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா? சத்தான சாப்பாடு சாப்பிட முடியாமல் போனதா? ஒரே மாதிரியான சாப்பாட்டையே சாப்பிட வேண்டியிருந்ததா? ஒரு வேளையை விட்டீர்களா? குறைத்துச் சாப்பிட்டீர்களா? இப்படியே போய், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா என்பதில் முடியும். அம்மா எட்டுக்கும் "இல்ல" என்றார். அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் யோசிக்க நேரம் கொடுத்தாள். அம்மாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "வீட்ல அரிசி கீது. அப்புறம் இன்னாம்மா கவலை?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கடைசி வாரத்துத் தோசையை நினைத்துக்கொண்டேன். பதினெட்டாம் தேதிக்கு மேல் எங்கள் வீட்டுத் தோசை மெலியும். மாவில் தண்ணீர் ஒரு டம்ளர் கூடும், அம்மா கரண்டியை வட்டமாக இழுக்கும்போது கல் தெரியும் அளவுக்குப் பரப்புவார். சின்னவன் அதை 'பேப்பர் ரோஸ்ட்' என்று கொண்டாடுவான், ஹோட்டல் மாதிரி இருக்கிறதாம். முட்டை இரண்டு வாங்கினால் பிள்ளைகளுக்கு. மீன் வாங்கினால் அம்மாவுக்குப் பல் வலிக்கும். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர், முள்ளை நாக்காலேயே பிரித்தெடுப்பவர், மாதக் கடைசியில் மட்டும் அவருக்குப் பல் வலி வரும். எனக்குப் பல் நன்றாக இருப்பதால் நான், "கடைல டீயும் பன்னும் சாப்டேன், பசிக்கல" என்று சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பெண் அடுத்து என்னைக் கேட்டாள். அம்மா மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் எட்டுக்கும் "இல்ல" என்றேன். டேப்லட்டில் எங்கள் வீடு நன்றாக இருக்கிறது.

இதை எழுதும்போது தெருக்கோடி வீட்டைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அக்கா வாங்குகிற அரிசியில் பாதியை சைக்கிளில் வருகிறவனுக்குக் கொடுத்துவிடுவார். கிலோவுக்கு ஐந்தோ ஆறோ ரூபாய். அது கைமாறிக் கைமாறி ஆந்திரா பக்கம் போகும். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டியில் சீட்டுக்கு அடியில் தள்ளப்படும் மூட்டைகளை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் கிடையாது. போலீஸ் பிடித்தால் பேப்பரில் கிலோக் கணக்கில் வரும். விற்பது தப்பு, சட்டப்படியும் தப்பு, நான் விற்றதில்லை. ஆனால் "பாத்தியா, தேவையில்லாததாலதான் விக்குறாங்க" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. அந்த அக்காவுக்குச் சர்க்கரை. சோற்றைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அரிசி விற்ற அறுபது ரூபாயில் காய் வாங்குகிறார், அரைக் கிலோ அவரைக்காயும் ஒரு கட்டுக் கீரையும். நான் பையைத் திறந்து பார்க்கவில்லை, அவரே காட்டினார்.

2020 ஊரடங்கை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஜவுளிக் கடையும் மூடி, ஹார்பர் வேலையும் நின்ற அந்த நாட்களில் அடுப்பு எரிந்தது இந்த அரிசியால்தான். அப்போது அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாமே இலவசம், கையில் ஆயிரம் ரூபாயும் கொடுத்தார்கள். வட்டம் போட்டு நின்ற வரிசையில் அதுவரை பார்க்காத முகங்களையெல்லாம் பார்த்தேன், எல்லாருக்கும் மாஸ்க் இருந்தது வசதியாகப் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தபோது முதலில் பரணில் ஏற்றியது சர்டிபிகேட்டுகளை, இரண்டாவது அரிசி டிரம்மை. டிரம்மின் அடியில் நனைந்த மூன்று கிலோவை மாடியில் உலர்த்தி அரைத்துப் புட்டு செய்தோம். நன்றாகவே இருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறும் கடை உண்டு, அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமைதான் லீவு, தெரியாமல் போய் நிற்காதீர்கள். மூட்டை பிரிக்கும்போது பக்கத்தில் இருந்தால் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு வாங்கலாம், எங்கள் கடையில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பச்சரிசி போடுவதாகச் சொன்னால் மாவுக்கு மூன்று கிலோ போதும், மிச்சம் புழுங்கலாகக் கேளுங்கள். மதிப்பெண் கேட்டால், சோற்றுக்கு மூன்றரை, இட்லிக்கு நாலரை, பழைய சோற்றுக்கு ஐந்துக்கு ஐந்து. இரண்டு பையாகக் கொண்டு போங்கள். எங்கள் ஜவுளிக் கடைப் பை பன்னிரண்டு கிலோவுக்கு மேல் தாங்காது.